கைப்பேசியும் அனுமதி கோரலும்: திறந்த மூல இயங்குதளம் பற்றிய ஓர் அறிமுகம்

தொழுகை நேரத்தை அறிவிக்கும் செயலி இல்லாத ஒரு முஸ்லிமின் கைப்பேசியை இன்று காண்பது அரிது. பாங்கு நேரம், கிப்லாத் திசை, ஹிஜ்ரி நாட்காட்டி, குர்ஆன் ஓதல் ஆகிய அனைத்தும் ஒரே செயலியில் அடங்கிவிடுகின்றன. நமது மாணவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். நாமும் பல்லாண்டுகள் பயன்படுத்தினோம். இத்தகைய செயலிகளுள் உலகெங்கும் அறியப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' குறித்து அமெரிக்காவின் 'மதர்போர்டு' இதழ் 2020 நவம்பரில் ஒரு செய்தியை வெளியிட்டது. அதனைப் படித்த பின்னர்தான் இக்கட்டுரையின் பொருள் குறித்துச் சிந்திக்கத் தலைப்பட்டோம்.

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று உருவாக்கிய அச்செயலி அப்போது 9.8 கோடி முறைக்கும் மேலாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. பயனர்களின் இருப்பிட விவரம் அச்செயலியிலிருந்து எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்கத் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்திற்குப் பணிபுரியும் ஒப்பந்ததாரர்களும் இருந்தனர் என்பதே அச்செய்தியின் சாரம். இராணுவத்திற்குத் தாம் விற்கவில்லை என்று செயலியினர் மறுத்தனர். எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தனர். 2021 ஜனவரியில் 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்னும் மற்றொரு தொழுகைச் செயலி, பிரெடிசியோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்திற்கு இருப்பிடத் தரவு வழங்கியமை வெளியாயிற்று. 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவ நிலையங்கள் முதலியவற்றுக்கு மக்கள் சென்றுவருவதைக் காட்டும் இருப்பிடத் தரவை விற்கக்கூடாது என எக்ஸ்-மோடுக்கும் அதன் வழிவந்த அவுட்லாஜிக்குக்கும் தடை விதித்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? செயலியை ஆக்குவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய ஆயத்த நிரல் பகுதிகளை இணைத்துக்கொள்கின்றனர். தரவு வணிக நிறுவனங்கள் இத்தகைய பகுதிகளைக் கொடுத்து, இணைத்துக்கொள்வோருக்குப் பணமும் தருகின்றன. கிப்லாவை அறிவதற்காக நாம் செயலிக்கு அளிக்கும் இருப்பிட அனுமதி, அதனுள் குடியிருக்கும் அந்த மூன்றாமவருக்கும் அப்படியே கிடைத்துவிடுகிறது.

அரபு மொழியில் 'ஜஸ்ஸ' என்னும் வினைக்குக் கையால் தொட்டுத் துழாவி அறிதல் என்பது அடிப்படைப் பொருள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் அச்சொல்லே வழங்கியது. அதிலிருந்து பிறந்தவையே ஒற்றரைக் குறிக்கும் 'ஜாஸூஸ்', துருவித் துருவி ஆராய்தலைக் குறிக்கும் 'தஜஸ்ஸுஸ்' ஆகிய சொற்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்குவது இந்தத் தஜஸ்ஸுஸையே. அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் அனுமதி கோருவதைக் கடமையாக்குகிறது. 'இஸ்திஃதான்' எனப்படும் இவ்வனுமதி கோரல் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அனுமதி கேட்பவர் இன்னார் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பத்துப் பக்க ஆங்கில விதிமுறைக்கு அடியில் 'ஏற்கிறேன்' என்று விரல் வைப்பவருக்கு, வாசலில் நிற்பவர் ஒருவரா ஐவரா என்பதே தெரியாது. இதனை அனுமதி என்று கொள்வதற்கு நம் மனம் இடந்தரவில்லை.

இவ்விருப்பிடத் தரவு உண்மையில் தேவைதானா என்பதையும் நோக்க வேண்டும். தொழுகை நேரம் சூரியனின் நிலையைப் பொறுத்தது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால் கணித்துவிடலாம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் அல்குவாரிஸ்மி இதற்கான அட்டவணை அமைத்தார். திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னுஷ் ஷாத்திர், ஹி. 773இல் (கி.பி. 1371-72) அதன் மனாராவில் பெரியதொரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். ஊர் முழுவதற்கும் நேரம் கணித்த அவருக்கு, ஊரில் எவர் எங்கே இருக்கிறார் என்று அறியும் தேவை எழவில்லை. நமது சோமனூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்திலும் 77 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. இங்கிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை சாய்ந்திருக்கும். அவிநாசிக்குச் சென்றாலும் கோவைக்குச் சென்றாலும் இக்கணக்கில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. ஊர்ப் பெயரை ஒருமுறை தெரிவு செய்தால் போதும். இணையத் தொடர்பே இன்றிச் செயலி பணியாற்ற முடியும். அவ்வாறு பணியாற்றுபவையும் உள்ளன.

அப்படியாயின் செயலியை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. செயலி அனுமதி கேட்பது இயங்குதளத்திடம். வீட்டுக்கு ஒரு வாயிற்காவலர் இருப்பதுபோல இயங்குதளமே எவரை உள்ளே விடுவது, எதனைக் காட்டுவது என்பதை நிறைவேற்றுகிறது. அக்காவலர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார் என்பதே கேள்வி.

இந்தியாவின் பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது ஆண்ட்ராய்டு. 2003இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. இதில் இரண்டு அடுக்குகள் உண்டென்பதைப் பலர் அறியார். அடித்தளம் திறந்த மூல நிரல். எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் பெயரில் வெளியிடலாம். அதன்மேல் அமரும் பிளே ஸ்டோர், பிளே சேவைகள் முதலிய கூகுள் அடுக்கு அத்தகையதன்று. அது மூடப்பட்டது, கைப்பேசியில் பிற செயலிகளுக்கு இல்லாத சிறப்பு அதிகாரங்களுடன் இயங்குவது. இந்த அடுக்கைக் கைப்பேசி நிறுவனங்கள்மீது சுமத்திய முறை போட்டிக்கு எதிரானது எனக் கண்டே, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று, கைப்பேசி பயன்படுத்தப்படாமல் சும்மா கிடக்கும்போதும் சராசரியாக நான்கரை நிமிடத்திற்கு ஒருமுறை தன் நிறுவனத்திற்குத் தரவு அனுப்புகிறது என்று கண்டது. ஆப்பிள் கைப்பேசியும் இதற்கு விலக்கன்று. அதே ஆண்டு அவரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தாரும் இணைந்து சாம்சங், ஷாவ்மி, வாவே, ரியல்மி ஆகியவற்றுடன் லினியேஜ் ஓஎஸ், /இ/ ஓஎஸ் என்னும் இரு மாற்று இயங்குதளங்களையும் ஆராய்ந்தனர். /இ/ ஓஎஸ் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் கணிசமான தரவை அனுப்பின. லினியேஜ் திறந்த மூலமாயிற்றே எனலாம். அதன்மேல் கூகுள் அடுக்கையும் சேர்த்து நிறுவியே சோதித்தனர். அந்த அடுக்குத் தன் வேலையைச் செய்தது.

நமது சோமனூர்த் தறிக்காரர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தறி அவருடையது, கொட்டகை அவருடையது, மின் கட்டணமும் அவருடையதே. ஆனால் பாவும் ஊடையும் வியாபாரியுடையவை. நெய்து இறக்கும் துணியும் வியாபாரிக்கே. தறிக்காரருக்குக் கூலியாவது கிடைக்கிறது. கைப்பேசியை முழு விலை கொடுத்து வாங்கிய நமக்கு அதுவும் இல்லை.

மாற்று இயங்குதளங்கள் பல உள்ளன. லினியேஜ், 2016 இறுதியில் சயனோஜென்மோட் என்னும் பழைய முயற்சி நின்றபோது அதன் தொடர்ச்சியாக எழுந்தது. பழைய கைப்பேசிகள் பலவற்றிலும் இயங்கும். /இ/ என்பதை மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கேல் டுவால் தொடங்கினார். பாதுகாப்பில் முதன்மையாகக் கருதப்படுவது கிராஃபீன் ஓஎஸ். கூகுள் சேவைகள் தேவைப்படுவோர் அவற்றைச் சிறப்பு அதிகாரம் ஏதுமற்ற சாதாரணச் செயலியாக நிறுவிக்கொள்ள அது வழி செய்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் இணைய அனுமதியைத் தனியே மறுக்கலாம். ஆனால் 2025 வரை அது கூகுளின் பிக்ஸல் கைப்பேசிகளுக்கு மட்டுமே வெளியாகி வந்தது. கூகுளிடமிருந்து விலக கூகுளின் கைப்பேசியையே வாங்க வேண்டியிருந்த விந்தையை என்னென்பது! அதன் விலையும் விசைத்தறிக் குடும்பத்திற்கு எட்டுவதன்று.

தமிழகத்திலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஜாண்ட்கே நிறுவனம் 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்னும் இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. ஆண்ட்ராய்டின் திறந்த அடித்தளத்தின்மீது அமைந்த இதில் முன்னிறுவிய செயலிகள் இல்லை என்பது சிறப்பாகச் சொல்லப்பட்டது. இரகசியம் பேண வேண்டிய நிறுவனங்களுக்கென்றே முதலில் கருதப்பட்டமையால் பொதுமக்கள் கைக்கு அது வந்து சேரவில்லை. உள்நாட்டுப் பெயர் இருப்பதனால் மட்டும் ஒரு மென்பொருள் நம்பத்தக்கதாகிவிடாது என்பதே நம் கருத்து. மூல நிரலைப் பிறர் படித்துப் பார்க்க இயல வேண்டும்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. அறிவிப்பாளர் வரிசையை வெளிப்படையாகக் கூறாத செய்தியை, கூறுபவர் எத்துணை பெரியவராயினும், முஹத்திஸ்கள் அவ்வாறே ஏற்பதில்லை. திறந்த மூலம் என்பதும் இஸ்னாதை வெளியே வைப்பது போன்றதே. வெளியே வைத்துவிட்டமையால் செய்தி ஸஹீஹ் ஆகிவிடாது. ஜர்ஹ் வத் தஃதீல் செய்ய ஆள் வேண்டும். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இதற்குச் சான்று. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு சிறு நிரலின் பராமரிப்பில், புனைபெயர் கொண்ட ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நற்பணி செய்து நம்பிக்கை பெற்றார். பின்னர் இரகசியக் கதவொன்றைப் புகுத்தினார். தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதனைத் துருவிக் கண்டுபிடித்தார். புகுத்த முடிந்தது; திறந்திருந்தமையால் கண்டுபிடிக்கவும் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

நாம் மாறிய கதையும் சிறிது உண்டு. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்துள்ள நம் மஹல்லா இளைஞர் ஒருவர் நமது பழைய கைப்பேசியில் லினியேஜை நிறுவித் தந்தார். முதலில் பூட்லோடர் எனப்படும் துவக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த மாத்திரத்தில் கைப்பேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். "எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டீங்களா ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். எடுத்தாயிற்று என்றோம். படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்திருந்தோம்; மறைந்த நம் உஸ்தாதின் குரலில் அமைந்த சில ஒலிப்பதிவுகள் வேறொரு கோப்புறையில் இருந்ததை மறந்துவிட்டோம். அவை திரும்பக் கிடைக்கவில்லை. பிழை நம்முடையது.

கூகுள் அடுக்கு இல்லாமலேயே அன்றாட வேலை பெரும்பாலும் நடந்தது. எஃப்-டிராய்டு என்னும் திறந்த மூலக் களஞ்சியத்திலிருந்து தொழுகை நேரச் செயலி, அரபு அகராதி, வரைபடம் ஆகியவற்றைப் பெற்றோம். வாட்ஸப்பை அதன் தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டோம். வங்கிச் செயலி மட்டும் திறக்க மறுத்தது. கூகுளின் சான்று பெற்ற இயங்குதளம்தானா என்று இத்தகைய செயலிகள் சோதிக்கின்றன; பூட்டுத் திறந்த கைப்பேசியைப் பல செயலிகள் ஏற்பதில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு. பூட்டு திறந்தே கிடக்கும் கைப்பேசி களவு போனால், இயங்குதளத்தையே மாற்றி எழுதிவிட முடியும். கிராஃபீன் நிறுவிய பின் மீண்டும் பூட்டிக்கொள்ள வழி தருகிறது; லினியேஜில் பெரும்பாலான கைப்பேசிகளில் அவ்வசதி இல்லை. ஒற்றரை விரட்டும் அவசரத்தில் திருடனுக்குக் கதவு திறக்கலாகாது.

இயங்குதளத்தை மாற்றினாலும் மறையாதவை உள்ளன. கைப்பேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்துள்ளது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்திற்குத் தெரியும். வாட்ஸப்பில் எவருடன், எப்போது பேசினோம் என்பது அதன் உரிமையாளருக்குத் தெரியும். யூபிஐ வழியே கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிவு உண்டு.

ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், நம்மாளுங்க இப்படி போனை மாத்துனா வேண்டாத சந்தேகம் வராதா?" என்றார். 1998க்குப் பின் கோவை வட்டாரத்தில் வாழ்ந்த எவரும் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டார். ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிக்ஸல் கைப்பேசி வைத்திருப்போரைக் காவல்துறையினர் ஐயுறுவதாக 2025இல் செய்தி வந்தது; அச்சம் அயல்நாடுகளிலும் உண்டு. இயங்குதளத்தை மாற்றுவது சட்டப்படி குற்றமன்று என்று அவரிடம் கூறினோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததையும், தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியானதையும் எடுத்துரைத்தோம். கேட்டுக்கொண்டார். தம் பேரனின் கைப்பேசியை மாற்ற வேண்டாம் என்றே முடிவு செய்தார். அவரை நாம் வற்புறுத்தவில்லை.

அவரைப் போன்றோருக்கு நாம் கூறுவது இவ்வளவே. இருப்பிட அனுமதியை அமைப்புகளில் சென்று ஒவ்வொரு செயலியாகப் பார்த்து விலக்குக. விளம்பர அடையாள எண்ணை நீக்குக. புதிய ஆண்ட்ராய்டில் அதற்கு வழி உண்டு. பயன்படாத செயலிகளை அகற்றுக. தொழுகைச் செயலி இருப்பிடம் கேட்டால் மறுத்து, ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க. அது இயலாதெனில் அச்செயலியை விட்டுவிடுக.

நம்மிடம் இப்போது இரண்டு கைப்பேசிகள். வங்கிக்கென வைத்த ஒன்று மேசை அறையில் அணைந்து கிடக்கிறது. மின் கட்டணம் கட்டும் நாளில் எடுக்கிறோம். மற்றொன்று சட்டைப்பையில் உள்ளது. அதன் மின்கலம் முன்னிலும் சற்று நீடித்து நிற்கிறது. வாட்ஸப் அறிவிப்புகள் சில வேளை தாமதமாக வருகின்றன. மாணவர்கள் அதனைக் குறை கூறுகின்றனர்.