முதற்பதிவே முழுப்பதிவாகட்டும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கேசட் என்னும் ஒலிநாடா, எண்பதுகளில் நம் நாட்டின் எளிய இல்லங்களிலும் இடம் பெற்றது. திண்டுக்கல் நகரிலும், அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் பல குடும்பங்களின் அலமாரிகளில் அந்நாடாக்கள் இன்றும் உறங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று இளைஞர் பலர் விரும்புகின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும், எந்தத் தரத்தில் ஏற்றுவது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

நாடாக்கள் இருவகை. திருச்சியில் 1977இல் தோன்றிய கலைக் காவிரி போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட நாடாக்கள் ஒருவகை. நம்மிடம் அழிந்தாலும் பிறரிடம் கிடைக்கக்கூடும். ஊர்த் திருவிழாவில் நம் பாடகர் குழு பாடியது, தவக்கால மாலையில் மூதாட்டியர் இசைத்த புலம்பல், திருமண வீட்டில் ஒலித்த தாத்தாவின் குரல் ஆகியவை மற்றொரு வகை. இவை அந்த ஒரு நாடாவிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. தரம் பற்றிய கவலை இவற்றுக்கே மிகுதியாக வேண்டும்.

ஒலி எண்ணாவது எங்ஙனம்? ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறிக்கிறது கருவி. இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளுள் ஒன்று. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பதே இக்கணக்கு. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமோ, பாதுகாப்புப் பதிவுக்குக் குறைந்தது 48,000 அளவுகளும் 24 பிட்டும் வேண்டும் என்கிறது. 24 பிட்டில் படிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஆதலின், உரத்த குரல் சிதையாதவாறு சற்றுத் தாழ்த்திப் பதிந்தாலும் மெல்லிய குரல் கெடுவதில்லை.

நிற்க. எம்பி3 முறை இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பது மெய்யே. 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் பாடல் 58 மெகாபைட்டில் அடங்கும். முற்கூறிய முழுப்பதிவுக்கோ ஏறத்தாழ 1 ஜிகாபைட் வேண்டும். ஆனால் செவிக்கு எளிதில் புலப்படாதவை எனக் கருதும் பகுதிகளை நீக்கியே எம்பி3 சுருங்குகிறது. நீக்கியது நீக்கியதே, பின்னர் எத்தரத்துக்கு மாற்றினும் அது மீளாது. ஃபிளாக் முறையோ ஓர் எண்ணையும் இழக்காமல் சுருக்கித் தருகிறது. ஒரு மணி நேர நாடாக்கள் நூறு இருந்தாலும், சுருக்காத நிலையிலேயே 1 டெராபைட் வட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நிரம்பும்.

ஆகவே, வீட்டிலும் ஆலயத்திலும் பதிந்த நாடாக்களை 48,000, 24 பிட் அளவில் ஃபிளாக் முறையில் சேமியுங்கள். கைப்பேசியில் கேட்க அதிலிருந்து எம்பி3 படி எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய நாடாவுக்கு 44,100, 16 பிட் போதும். பதியுமுன் டேப் ரிக்கார்டரின் தலையைச் சுத்தம் செய்து, நாடாவை ஒருமுறை முழுவதும் ஓட்டிச் சுற்றிவிடுங்கள். இரைச்சலை அகற்றும் வேலையைப் படியில் மட்டும் செய்யுங்கள், மூலப்பதிவைத் தொடாதீர்கள். அதனை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வெளியூர் உறவினர் இல்லமாக இருக்கட்டும்.

நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல நலிகிறது. அதனை ஓட்டும் கருவிகளும், பழுது பார்ப்போரும் அருகி வருகின்றனர். ஒரு நாடாவை நன்கு ஓட்டும் வாய்ப்பு இன்னொரு முறை கிட்டாமற் போகலாம். சில மெகாபைட்டுகளை மிச்சம் பிடிக்க எண்ணி, மறைந்த பெரியோரின் குரலைக் குறைத்துவிட வேண்டாம். கிட்டிய அந்த ஒருமுறையிலேயே முழுமையாகப் பதிந்து, நம் மக்களுக்கு விட்டுச் செல்வோமாக.