சீட் ரெக்சின் ஏன் வெடிக்கிறது?

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோக்களின் பழைய சீட்டைக் கவனியுங்கள். வெயில் படும் ஓரத்திலும் தையல் ஓடும் வரியிலும்தான் வெடிப்பு முதலில் விழுந்திருக்கும். அழுக்கினால் வந்தது என்று எண்ணி அழுத்தித் தேய்க்கிறோம். ரெக்சினின் ஆயுள் குறைவதே அங்கேதான்.

இன்று ரெக்சின் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் துணிமேல் பூசிய பி.வி.சி. ஆட்டோ, பைக் சீட் முதல் முட்டுக்காடு போன்ற இடங்களில் ஓடும் படகுகளின் மெத்தை வரை இந்தக் குடும்பம்தான். ஆனால் பி.வி.சி. இயல்பில் விறைப்பானது; வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள். 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யைக் கொதிநிலை அதிகமான ஒரு கரைப்பானில் சூடாக்கியபோது, ரப்பர்போல வளையும் ஒரு பொருள் கிடைத்தது. கரைப்பானின் மூலக்கூறுகள் நீண்ட பி.வி.சி. சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றோடொன்று இறுகாமல் வழுக்கிச் செல்ல இடம் கொடுத்ததுதான் காரணம். இப்படிச் சேர்க்கும் பொருளுக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர்.

அது சங்கிலியோடு வேதிப்பிணைப்பில் இல்லை என்பதால், இட்லி மாவை விட்டுப் பிரியும் தண்ணீர்போல மெல்ல வெளியே வருகிறது. சூடு ஏறினால் வேகமாக வருகிறது. தோலின் எண்ணெய்ப்பசையிலும் தலையெண்ணெயிலும் உள்ள கொழுப்பு அதை இழுத்துக்கொள்கிறது. புற ஊதாக் கதிரோ சங்கிலியையே தாக்கி ஹைட்ரஜன் குளோரைடைப் பிரிக்கிறது. வெள்ளைச் சீட் மஞ்சளாவது இதனால்தான். மழைக்காலத்தில் இன்னொரு விருந்தாளி: ஆரியோபாசிடியம் புல்லுலான்ஸ் என்ற பூஞ்சைக்குப் பிளாஸ்டிசைசரே சாப்பாடு. சீட்டில் பூக்கும் கரும்புள்ளிகளில் அதற்கும் பங்குண்டு.

இப்போது பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் சீட்டைத் துடைப்பதை நினைத்துப் பாருங்கள். கறை போகும், சீட் பளிச்சென்று ஆகும்; கூடவே பிளாஸ்டிசைசரும் துணியோடு போகும். சில நாளில் ரெக்சின் வறட்டுத்தனமாக விறைக்கும். பெட்ரோலும் அப்படியே, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. தேங்காய் எண்ணெய் உள்ளே போய் இழப்பை ஈடுகட்டாது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும். சிலிக்கான் பாலிஷ் தருவது மினுக்கு மட்டுமே, பைக் சீட்டில் வழுக்கவும் செய்யும். பழைய பல்துலக்கும் பிரஷ், தண்ணீரில் கரைத்த ஷாம்பு, பிறகு நல்ல தண்ணீர், உடனே உலர்ந்த துணி: பெரும்பாலான அழுக்குக்கு இவ்வளவே போதும். தையல் வரியில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஊசித்துளை வழியே இறங்கிய ஈரம் ஸ்பாஞ்சில் தங்கினால், பூஞ்சை உள்ளிருந்தே வளரும்.

படகுக்கென்று விற்கும் வினைலில் புற ஊதாத் தடுப்பும் பூஞ்சைக்கொல்லியும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். விலை அதிகம், ஆனாலும் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஆட்டோவுக்கு அது வீண் செலவாகாது என்பது என் கருத்து. அதுவரை, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ மேம்பாலம் தரும் நிழல் இலவசம். வெடித்துக் கிழிந்த ரெக்சினைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள்: எரியும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடையும் டையாக்சினையும் தெருக்காற்றில் விடும்.