உடன்படிக்கையும் சஞ்சியும்: விவிலியச் சொல்லொன்றின் பொருளெல்லை

பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் வட்டாரத்தில் தோட்ட வழக்குச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, மரம் சீவி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவருடைய பாட்டனார் செபராங் பிறையின் கரும்புத் தோட்டத்திற்குச் சஞ்சியில் வந்து, பின்னர்ப் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களுக்கு இடம்பெயர்ந்தவர். தேவாலயத்தில் வாசிக்கப்படும் ‘உடன்படிக்கை’யும் பாட்டனார் கைநாட்டு வைத்த சஞ்சியும் ஒன்றுதானா என்று முதியவர் கேட்டார். அகராதிப் பொருளை மட்டும் நோக்கினால் ஆம் என்றே கூறவேண்டும். வகுப்பறையிலும் உடன்படிக்கை என்றால் ஒப்பந்தம் என்றுதானே சொல்லிக் கடந்துவிடுகிறோம்? அவ்விடை போதாது என்பதே நம் கருத்து.

வினா எளியதன்று. ‘சஞ்சிக்கூலி’ என்பதன் முற்பகுதி, வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜன்ஜி’ என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவாகக் கொள்ளப்படுகிறது. அதே வேரினின்றே மலாய் விவிலியத்தின் இரு பகுதிகளும் ‘பெர்ஜன்ஜியான் லாமா’, ‘பெர்ஜன்ஜியான் பாரு’ எனப் பெயர் பெற்றுள்ளன. 1910இல் முடிவுற்ற சஞ்சி முறையில் தொழிலாளி கடற்பயணச் செலவிற்குக் கடன்பட்டவனாகவே கரையிறங்கினான். தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டோடினால் அது குற்றமாகிச் சிறைத்தண்டனை தந்தது. அவனுடைய இசைவு தாளில் இருந்தது. வாசிக்கத் தெரியாதவனின் இசைவு எத்தகையது என்பது வேறு வினா.

விவிலியத்தின் எபிரேய மூலத்தில் வழங்கும் சொல் ‘பெரித்’ என்பதாகும். கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், இருவர் கூடிச் செய்யும் உடன்பாட்டைக் குறிக்கும் ‘சுன்தேக்கே’யை விலக்கி, ஒருவர் தம் விருப்பப்படி வகுத்தளிக்கும் ஆவணத்தைக் குறிக்கும் ‘தியாதேக்கே’யை ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஆண்டனர். ‘சுன்’ என்ற முன்னொட்டின் பொருள் ‘உடன்’ என்பதே. அவர்கள் தவிர்த்த அதே கூறு தமிழ்ச் சொல்லின் தலையில் அமர்ந்திருப்பது நோக்கத்தக்கது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மரணசாசனம்’ என்று மாறிக்கொள்வதும் ‘தியாதேக்கே’யின் இவ்விரட்டைப் பொருளால்தான்.

உடன்படுதல் என்ற பொருள் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. ஆதியாகமம் 9இல் வெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவோடு மட்டுமின்றி, பறவைகள், கால்நடைகள், காட்டு விலங்குகளோடும் உடன்படிக்கை செய்கிறார். கால்நடை எங்ஙனம் உடன்படும்? அங்கே கடவுள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கிறார். 15ஆம் அதிகாரம் இன்னும் வியப்புக்குரியது. எபிரேயத்தில் உடன்படிக்கையை ‘வெட்டுதல்’ என்பதே மரபுத்தொடர். வெட்டிப் பிளந்த விலங்குத் துண்டங்களின் நடுவே நடப்பவன், தான் வாக்குத் தவறினால் தனக்கும் இக்கதியே நேரட்டும் என்று சாபமேற்கிறான். ஆனால், ஆபிராம் அயர்ந்து உறங்குகிறார். புகையும் சூளையும் எரியும் தீப்பந்தமுமே துண்டங்களின் ஊடே கடந்துசெல்கின்றன. அவை கடவுளின் வெளிப்பாட்டைக் குறிப்பன என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். சாபத்தை ஏற்பவர் வலியவரே என்றாகிறது. சஞ்சியில் நிலைமை நேர்மாறானது.

சீனாய் உடன்படிக்கை அத்துணை எளிதில் நம் வாதத்திற்கு இசைவதன்று. இட்டைட்டுப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் அமைப்பை அது ஒத்திருப்பதை 1954இல் ஜார்ஜ் மெண்டென்ஹால் எடுத்துக்காட்டினார். உபாகமம் 28இன் சாபங்கள், கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசர்ஹாதோன் தன் வாரிசுக்காகச் செய்வித்த உறுதியாவணத்தின் சாபங்களோடு ஒப்பிடப்படுகின்றன. ஆதிக்கத்தின் மொழி அது, மறைக்க வேண்டியதில்லை. எனினும், எகிப்தின் அடிமைநிலையிலிருந்து விடுவித்ததை நினைவூட்டிய பின்னரே கட்டளைகள் தொடங்குகின்றன. ஓய்வுநாள் வேலைக்காரனுக்கும் உரியது. ஏழாம் ஆண்டில் விடுதலையாகும் அடிமையை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்கிறது உபாகமம் 15. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்களை அறிந்த வாசகர்க்கு இவ்விதியின் கனம் விளங்கும்.

முதியவரின் வினாவிற்கு மிக நெருங்கிய பகுதி எரேமியா 34 ஆகும். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்ட காலத்தில், சிதேக்கியா மன்னனும் மக்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாகக் கன்றை வெட்டி உடன்படிக்கை செய்து விடுவித்தனர். முற்றுகை தளர்ந்ததும் அவர்களையே மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். கன்றின் துண்டங்களிடையே நடந்த பிரபுக்களுக்கு அக்கன்றின் கதியே நேரும் என்று தீர்க்கதரிசி உரைக்கிறார். இங்கு வாக்குத் தவறியவர்கள் எசமானர்கள், தண்டனையும் அவர்களுக்கே. சஞ்சியிலோ சிறைவாசல் பெரிதும் கூலிக்கே திறந்தது.

ஆகவே, உடன்படிக்கை என்ற சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘ஒப்பந்தம்’ என்று எழுதி நிறுத்தாது, யார் யாரைக் கட்டுகிறார், மீறினால் எவர் தலையில் விழுகிறது என்ற இரு வினாக்களையும் உடன் எழுப்புவது நலம். சொல்லை மாற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. வழிபாட்டில் தலைமுறைகளாக ஊறிய சொல் அது.

மறுமுறை சிலிம் ரிவர் சென்றபோது எரேமியாவின் அவ்வதிகாரத்தை முதியவருக்கு வாசித்துக் காட்டினோம். மீண்டும் பிடிக்கப்பட்ட அடிமைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார். அதற்கு அவ்வதிகாரத்தில் விடையில்லை.