இரண்டு வெள்ளித் தாளின் முன்னோர்கள்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் அட்டையைத் தட்டிவிட்டு ஓடும் கூட்டத்தில் சில்லறை தேடுபவர் அபூர்வம். ஆனாலும் பர்சில் ஊதா நிற இரண்டு வெள்ளித் தாள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படத்தோடு ஒரு சோழியும் இருக்கும். ஒரு காலத்தில் அதுவும் பணம்தான். நாட்டின் பெயர் நான்கு மொழிகளில், தமிழிலும்.

டோபி காட்டில் ஓடிய பிராஸ் பசா ஓடையில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த 19ஆம் நூற்றாண்டில், ஆண்டது வெள்ளைக்காரன்; கடைத்தெருவில் செல்லுபடியானதோ ஸ்பெயின் வெள்ளி, பிறகு மெக்சிகோ வெள்ளி. ஒன்று ஏறக்குறைய 27 கிராம். நாணயத்தில் எந்த ராஜாவின் முகம் என்பதா முக்கியம்? சீன வணிகர் அதை வாங்குவாரா என்பதே முக்கியம். பண்டைய ஏதென்ஸின் ஆந்தைக் காசு, சுமார் 17 கிராம் வெள்ளி, எகிப்துவரை போனதும் இதே கணக்கில்தான். 1850களில், அப்போது சிங்கப்பூரை நிர்வகித்த கல்கத்தா அதிகாரிகள் ரூபாயைத் திணிக்கப் பார்த்தார்கள். சிங்கப்பூர் வணிகர்கள் விடவில்லை.

சொந்தமாக ஒரு வெள்ளி நாணயம் 1903இல்தான் வந்தது. அச்சடித்தது பம்பாயில்! 1906இல் அதன் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்சாக நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போனது. நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை வந்துவிடக் கூடாதே! 1907இல் நாணயத்தையே இளைக்க வைத்தார்கள்.

1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழை மரம் இருந்தது. 'வாழைமரப் பணம்' என்றே பெயராகிவிட்டது. பின்னால் வந்த தாள்களில் தொடர் எண்கூடக் கிடையாது; அச்சடித்துத் தள்ளினார்கள். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்களிடம் வாங்கிய பழைய கடனை இந்தத் தாளைக் கொடுத்தே தீர்த்தவர்கள் உண்டு. 1945இல் அது வெறும் காகிதம். ஜெர்மானியர் பிடியில் சிக்கிய கிரேக்கத்திலும் அதே கதை: 1944இல் அங்கே 10,000 கோடி டிராக்மாவுக்கு ஒரே தாள் அச்சானது.

சிங்கப்பூர் தன் பெயரில் பணம் வெளியிட்டது 1967 ஜூன் 12இல். முதல் வரிசைத் தாள்களில் ஆர்க்கிட் பூக்கள். அதே நாளில் புருணையோடு ஓர் ஏற்பாடும் தொடங்கியது. அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் சரிக்குச் சரி. கிரேக்கம் 2002இல் டிராக்மாவை விட்டு யூரோவுக்குப் போனது. சிங்கப்பூரும் புருணையுமோ தனித்தனிப் பணத்தையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று என்ற கணக்கையும் இன்றுவரை காப்பாற்றி வருகின்றன.