முறை மாறும் தண்ணீர், முறை மாறாத கடைமடை

ஒரு பங்கீடு நியாயமானதா என்பதை எண்ணால் சொல்ல முடியும் என்பது பொருளியலாளரின் நம்பிக்கை. இத்தாலியரான கொராடோ ஜினி 1912இல் வகுத்த குறியீட்டில், எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 0. ஒருவருக்கே எல்லாம் போனால் அது 1ஐ நெருங்கும். இந்தக் குறியீட்டைக் கீழ்பவானி வாய்க்காலில் வைத்துப் பார்ப்போம். 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால் இது. அத்தனை நிலத்திலும் நெல் நட அணைத் தண்ணீர் காணாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, பாதி ஆயக்கட்டுக்கு முதல் போகத்தில் நன்செய்ப் பாசனமும், மறுபாதிக்கு இரண்டாம் போகத்தில் கடலை, எள் போன்ற பயிர்களுக்குச் சில நனைப்புகளும் தருகிறார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். முதல் போகத்துக்கு ஏறக்குறைய 24 டிஎம்சி, இரண்டாவதற்கு 12. இரு பாதிகளையும் ஒப்பிட்டால், ஓர் ஆண்டில் ஜினி எண் 0.17 வருகிறது. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலோ சுழி! அதே வாய்க்கால், அதே உழவர்கள். எவ்வளவு காலத்துக்கு அளக்கிறோம் என்பது மட்டுமே மாறியது.

நீர்ப்பாசனப் பொறியாளரின் அளவுகோல் வேறு. மோல்டன், கேட்ஸ் இருவரும் 1990இல் முன்வைத்த முறைப்படி, பயிருக்குத் தேவைப்பட்டதில் எத்தனை பங்கு வந்து சேர்ந்தது என்று மதகுக்கு மதகு பார்க்க வேண்டும். அந்த விகிதங்களின் மாறுபாட்டுக் கெழு 0.10க்குள் இருந்தால் பங்கீடு நன்று, 0.25ஐத் தாண்டினால் மோசம். நெல்லுக்கு அதிகமும் கடலைக்குக் குறைவும் விட்டது இந்தக் கணக்கில் குற்றமே ஆகாது. சட்டம் பார்ப்பது இன்னொன்றை: அதே பவானி ஆற்றில் தண்ணீர் எடுக்கும் 13ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்காலும் கொடிவேரிப் பாசனமும் அணைக்கு முந்தியவை என்பதால் அவற்றுக்கு முன்னுரிமை. கோவை மாநகரம் பில்லூரில் எடுத்துக் குடிப்பதும் பவானித் தண்ணீர்தான். அந்நகரின் கணபதிப் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தின் பங்கை ஏக்கர் கணக்கில் எழுத முடியாது, தலைக் கணக்குதான் வேண்டும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தில் உழவர்களே இரண்டு பக்கமாக நிற்பதற்கும் காரணம், கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவதுதான். ஒருவர் வீணாகிறது என்று கழிக்கும் கசிவுநீர், இன்னொருவரின் கிணற்றில் வரவு.

ஆளுக்கொரு கணக்கு என்றால் அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அளக்காவிட்டால் சத்தம் போடுபவரின் சொல்லே கணக்காகிவிடும். தவிர, இந்த அளவுகோல்கள் எல்லா இடத்திலும் முரண்படுவதில்லை. சுழற்சியால் வரும் ஏற்றத்தாழ்வை அடுத்த ஆண்டு நேர் செய்துவிடுகிறது. நிலம் இருக்கும் இடமோ சுழலாது. தலைமடைக்காரர் எந்த ஆண்டும் தலைமடைதான். கடைமடைக்குத் தண்ணீர் குறையும்போது ஜினி எண் உயர்கிறது, பொறியாளரின் கெழு உயர்கிறது, உரிமை இருந்தும் கிடைக்காததால் சட்டமும் கடைமடைக்காரர் பக்கம் சாய்கிறது. பல துறைகளும் ஒரே திசையைக் காட்டும் இடத்தில் அநியாயம் உண்டென்று தயங்காமல் சொல்லலாம். வறண்ட ஆண்டுகளுக்கும் இது பொருந்தும்: அணை வற்றி இரண்டாம் போகம் நின்றுபோனால், அடுத்த ஆண்டு முறை மாறுவது மட்டும் அந்த இழப்பை ஈடுகட்டாது, விட்டுப்போன நனைப்பைப் பற்று வைத்துப் பின்னால் கொடுத்தால்தான் ஈடாகும்.

இந்த அநியாயத்தைக் கண்டுபிடிக்க மொத்தக் கணக்கு உதவாது. அணையில் திறந்த கனஅடி எவ்வளவு என்ற செய்தி தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு மதகிலும் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதைப் பல ஆண்டுக் கணக்காக, பாசன சபைகள் படித்துக் கேள்வி கேட்கும்படி, நீர்வளத் துறை அந்தந்த ஊரிலேயே எழுதி வைக்க வேண்டும்.