முறமும் மஞ்சள் பையும்: பரிசைப் பொதியச் சில வழிகள்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் கன்னட நாட்டில் கௌரி பண்டிகை. ஹைதர் அலி பிறந்த ஊராகிய பூதிகோட்டையை உள்ளடக்கிய கோலார் மாவட்டம் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் வழங்கும் நிலப்பகுதி. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்பண்டிகையின் பாகினம் பழக்கமானதே. மஞ்சள் பூசிய மூங்கில் முறம் ஒன்றில் அரிசி, பருப்பு, வெல்லம், மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி, தேங்காய், ரவிக்கைத் துணி ஆகியவற்றை வைப்பர். அதன்மேல் மற்றொரு முறத்தைக் கவிழ்த்து மூடுவர். சுமங்கலிப் பெண் தன் சேலைத் தலைப்பால் அதைப் போர்த்தியவாறே மற்றொரு சுமங்கலியின் கையில் கொடுப்பாள். கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்பும் ஆண்டுகளில் கர்நாடக முதலமைச்சர் காவிரிக்குச் சமர்ப்பிப்பதாக நாளிதழ்களில் நாம் படிப்பதும் இந்தப் பாகினத்தையே.

இந்தப் பரிசில் தாள் இல்லை, ஒட்டுநாடா இல்லை. முறமே பெட்டி, முறமே மூடி. பண்டிகை கழிந்ததும் அரிசி உலைக்குச் செல்கிறது. முறம் அடுத்த வாரத்து அரிசியைப் புடைக்கிறது. பரிசை மூடிய பொருளுக்கு, பரிசைப் பெற்ற வீட்டில் வேறொரு வேலை காத்திருக்கிறது. பளபளக்கும் பரிசுத்தாளுக்கு மாற்றுத் தேடுவோர் முதலில் காணவேண்டியது இந்த ஒன்றைத்தான். அண்மைக்காலத்தில் பிளாஸ்டிக் முறங்களில் பாகினம் வைக்கும் வழக்கமும் புகுந்துவிட்டது. அவற்றால் அரிசியும் புடைக்க இயலாது. மூங்கில் பின்னும் மேதர் குடும்பங்களுக்கும் பயனில்லை.

பரிசைத் தாளில் சுற்றும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையதன்று. சீர்வரிசைப் பொருள்களைத் தட்டில் வைத்து, ஊரார் காணத் திறந்தவாறு எடுத்துச் செல்வதே நம் மரபு. அமெரிக்காவிலும்கூட அலங்காரப் பரிசுத்தாளின் வரலாறு ஒரு தற்செயலோடு பின்னிப் பிணைந்தது. 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனையின்போது, கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில் பரிசு சுற்றப் பயன்படும் மெல்லிய தாள் தீர்ந்துபோயிற்று. கடிதஉறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த பூவேலைத் தாள்களை, ஒன்று 10 சென்ட் என அவர்கள் விற்பனைக்கு வைத்தனர். அவையும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் ஹால்மார்க் என்னும் பெயரில் அந்நிறுவனம் வளர்ந்தது.

வெறும் தாளாக இருந்தவரை அதனால் பெருந்தீங்கு இல்லை. இன்று கடைகளில் கிடைக்கும் மினுமினுப்பான பரிசுத்தாள்களில் பல, பெயரளவில் மட்டுமே தாள். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் படலத்தின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு ஏற்றியவை அவை. வேறு சில, தாளின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பெற்றவை. பழைய தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கும் ஆலையில் இவை கரைவதில்லை. ஆகையால் பழைய பேப்பர் வாங்குவோரும் இவற்றை ஒதுக்கிவிடுகின்றனர்.

நம் கையில் உள்ளது எவ்வகை என்றறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தாளை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி விடவேண்டும். கசங்கியபடியே கிடந்தால் அது பெரும்பாலும் தாள். மெல்ல விரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அதில் பிளாஸ்டிக் கலந்துள்ளது. மினுக்குத் தூள் ஒட்டியதாயின் சோதனையே தேவையில்லை.

சட்டமும் இத்திசையில் ஓரளவு நடந்துள்ளது. கர்நாடகம் 2016ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் பிளாஸ்டிக் பைகள் முதலியவற்றுக்குத் தடை விதித்தன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையில், இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் பிளாஸ்டிக் படலம் பெயர் குறித்துத் தடுக்கப்பட்டுள்ளது. பரிசுத்தாள் அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. எனவே இங்கு முடிவு வாங்குவோர் கையில் இருக்கிறது.

பூதிகோட்டைக்கு அருகிலுள்ள தங்கவயல் வாசகர்களுக்கு, மிச்சம் என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டில் பெருமுதலீட்டில் தொடங்கி 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட சுரங்கங்களிலிருந்து தங்கம் வெளியூர் சென்றது; அரைத்த பாறைத்தூள் சயனைடு மேடுகளாக ஊரிலேயே தங்கிவிட்டது. காற்று வீசும் மாதங்களில் அது வீட்டு முற்றத்தில் படிகிறது. பரிசுத்தாளை அதனோடு ஒப்பிடுவது மிகையே என்றாலும், ஒளிரும் பொருளை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் அவ்வூராருக்கு இயல்பாகவே உண்டு.

மாற்று என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது மஞ்சள் பை. மணமக்கள் பெயரும் நாளும் அச்சிட்டுத் திருமண வீடுகளில் தரும் தாம்பூலப் பை அது. தேங்காயைச் சுமந்து வீட்டுக்கு வந்து, பின்னர்ச் சில ஆண்டுகள் காய்கறி சுமக்கும். இடையில் வந்த பாலித்தீன் பை அதை ஏளனப் பொருளாக்கிவிட்டது. மஞ்சள் பையோடு பேருந்திலிருந்து இறங்குபவர் என்றால் நகரம் அறியாதவர் என்று திரைப்படங்கள் நகையாடின. 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் இட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் நிறுவப்பட்டது. நூலையோ பொம்மையையோ பரிசளிக்க விரும்புவோருக்கு அந்தப் பத்து ரூபாய்ப் பையே போதுமான உறை.

ஆயினும் துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கருதிவிடலாகாது. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் சாயமேற்றவும் ஆற்றல் வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பருவநிலைப் பாதிப்பில் மட்டும் மெல்லிய பாலித்தீன் பைக்கு ஈடாக வேண்டுமாயின் பருத்திப் பையை 52 முறையேனும் பயன்படுத்தவேண்டும் எனக் கணக்கிட்டது. மற்றெல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் அவ்வெண்ணிக்கை ஆயிரங்களைத் தொடுகிறது. தெருவிலும் சாக்கடையிலும் தேங்கும் குப்பையின் தீங்கை அவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை. நம் ஊர்களில் அது சிறிய தீங்கன்று. எனினும் ஆய்வின் உட்பொருள் தெளிவானது. பரிசு சுற்றுவதற்கென்றே புதுத்துணி வாங்கி, அதைப் பெற்றவர் அலமாரியில் போட்டு மறந்துவிட்டால் நாம் சேமித்தது ஒன்றுமில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணி, அல்லது பெறுபவர் உறுதியாகப் பயன்படுத்தப்போகும் துணி: இவ்விரண்டில் ஒன்றே தக்கது.

வீட்டிலிருக்கும் துணியில் முதலிடம் பழைய சேலைக்கு. ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சேலையை அகலவாட்டில் இரண்டாகவும் நீளவாட்டில் ஒன்பதாகவும் வெட்டினால், பக்கத்துக்கு 57 சென்டிமீட்டர் அளவில் 18 சதுரங்கள் கிடைக்கும். ஓரங்களை மடித்துத் தைத்துவிட்டால் அவை பல ஆண்டு உழைக்கும். கரையும் முந்தானையும் வரும் துண்டுகளைச் சிறந்த பரிசுகளுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். துணியின் மூலைக்கு மூலை நீளம், பொதியவேண்டிய பொருளின் நீளத்தைப்போல் மும்மடங்கு இருக்கவேண்டும் என்பது இக்கலையில் தேர்ந்த ஜப்பானியரின் கணக்கு. அவர்கள் இத்துணியை ஃபுரோஷிகி என்பர். 2006ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சரே அதை மீண்டும் பரப்ப முனைந்தார். மேற்கூறிய சதுரத்துக்கு மூலைக்கு மூலை 80 சென்டிமீட்டர் வரும். 25 சென்டிமீட்டர் நீளப் பெட்டியோ நூலோ அதில் தாராளமாக அடங்கும்.

பெட்டியைத் துணியின் நடுவே மூலைப்போக்கில் வைக்கவேண்டும். எதிரெதிர் மூலைகள் இரண்டை அதன்மேல் மடித்து, எஞ்சிய இரண்டையும் மேலே கொணர்ந்து முடிச்சிடவேண்டும். முதலில் இட முனையை வல முனையின்மேல் இட்டு இழுத்து, அடுத்து வல முனையை இட முனையின்மேல் இட்டால் முடிச்சு நழுவாது, அவிழ்க்கவும் எளிது. இருமுறையும் ஒரே பக்கமாக இட்டால் வழியிலேயே தளர்ந்துவிடும். கட்டுச்சோறு கட்டியவர்களுக்கு இது புதிதன்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழும். மங்கல நிகழ்ச்சிக்குப் பழந்துணியில் பரிசு கொண்டுசெல்வதைப் பல குடும்பங்கள் ஏற்பதில்லை. சுற்றுச்சூழலின் பெயரால் பெரியோர் மனத்தைப் புண்படுத்துவதில் நமக்கு உடன்பாடில்லை. கருமித்தனம் என்று பிறர் கருதுவாரோ என்னும் கூச்சமும் பொய்யன்று. திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்குப் புது ரவிக்கைத் துணியோ கைத்தறித் துண்டோ எடுத்து, மூலையில் மஞ்சள் தடவிப் பொதியலாம். பரிசோடு அதுவும் ஒரு பொருளாகிவிடும். ஆனால் ரவிக்கைத் துணியைத் தேர்ந்து எடுக்கவேண்டும். எவரும் தைத்துக்கொள்ளாத துணியாயின், நான்கு வீட்டுத் தாம்பூலத் தட்டுகளைச் சுற்றி ஒருநாள் நம் வீட்டுக்கே திரும்பி வரும். மறுபயன்பாடு என்று நாம் சொல்வது இதையன்று. பழைய சேலைச் சதுரங்கள் பிறந்தநாளுக்கும், தீபாவளி, கிறிஸ்துமஸ் காலங்களில் அண்டை வீட்டாருக்குத் தரும் பலகாரங்களுக்கும் பொருந்தும்.

துணியே வேண்டும் என்பதுமில்லை. பலகாரத்தை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொடுத்தால் வேறு உறை எதற்கு? திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனையோலைப் பெட்டியும், புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டானும் தம்மளவிலேயே அழகிய பரிசுகள். தங்க நாணயத்துக்கும் மோதிரத்துக்கும் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பணமாகவே தர விரும்புவோருக்கு, வங்கி என்ற முறையில் ஒரு சொல். ரூபாய்த் தாள்களைப் பூவாக மடித்து ஒட்டுவதும், மாலையாகக் கோப்பதும், அட்டையில் பின்னடித்து இணைப்பதும் அவற்றின் ஆயுளைக் குறைக்கின்றன. நோட்டுக் கட்டுகளில் பின்னடிப்பதை நிறுத்துமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2001ஆம் ஆண்டிலேயே வங்கிகளைப் பணித்தது. நோட்டுகளை மாலை தொடுக்கவும் பந்தல் அலங்கரிக்கவும் பயன்படுத்த வேண்டாம் எனப் பொதுமக்களையும் அது கேட்டுக்கொண்டுள்ளது. மினுக்குப் பூச்சில்லாத சாதாரணத் தாளுறையில் மொய் வைத்துத் தருவதே நோட்டுக்கும் நல்லது.

பொதிந்து கொண்டுசென்ற துணியையோ டப்பாவையோ திருப்பித் தரவேண்டுமா என்று பெறுபவர் தயங்குவதுண்டு. “துணியும் உங்களுக்குத்தான்” என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் அத்தயக்கம் நீங்கும். டப்பா திரும்பி வரட்டும் என்று விரும்புவோர் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்னும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. குறைந்தது ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ அதில் வரும்.