எழுதாத பரீட்சைக்கு மார்க்!

நாமெல்லாம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு, கட்-ஆஃப் பார்த்துத்தானே கவுன்சிலிங் போனோம்? இங்கிலாந்தில் கதையே வேற. ஏ லெவல் ரிசல்ட் ஆகஸ்டில்தான் வரும். ஆனா பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பிச்சாகணும். அதனால ஆசிரியர் கணித்துத் தரும் கிரேடை வச்சுத்தான் மாணவர்கள் 'யுகாஸ்' வழியாக அதிகபட்சம் 5 இடங்களைத் தேர்வு செய்கிறார்கள்.

கணிப்பு பலிக்குமா? ஜில் வைனஸ் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சரியாகப் பலித்தது 16% பேருக்குத்தான். பெரும்பாலானவர்களுக்குக் கணிப்பு கூடுதலாகவே இருந்தது. ஆனா நல்லா படிக்கும் மாணவர்களில், வசதியானவர்களைவிட ஏழைகளுக்கே குறைத்துக் கணிப்பது அதிகம்.

குறைந்த கணிப்பைப் பார்த்தவர் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அப்ளை பண்ணவே தயங்குவார். ஆகஸ்டில் மார்க்கை அள்ளினாலும், பெரும்பாலும் மிச்சமிருக்கும் சீட்டில்தான் தேடணும். மார்க் குறைஞ்சதால இல்லைங்க, ஒருத்தர் குறைச்சு நினைச்சதால!